நாற்பத்து நான்கா, முந்நூற்று ஐம்பத்தேழா?

கல்மண்டபம், ராயபுரம்,
மதராஸ்-13.
16-7-57

(ஐந்து கார்டில் எழுதியிருக்கிறேன். கவர் வாங்கப் போக நேரமில்லை, வீட்டில் கார்டுதான் இருந்தது. மூலையில் நம்பர் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி.)

சாபிராவுக்கு உன் புருஷன் தமீம் ஸலாம் சொல்லி எழுதுவது.

நான் இங்கே சுகமாக இல்லை. நீ அங்கே சுகமாக இருப்பதாக உன் வாப்பா எழுதியிருந்தார். அது எப்படி முடிகிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பெருநாளுக்கு நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பழவேற்காட்டுக்குப் போனவள் நீ. இன்றோடு பதிமூன்று நாள். ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் கிடையாது. சரி, நீ சொல்ல வேண்டாம். காரணம் எனக்குத் தெரியும். ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியாமல் போகுமா?

மே மாதம் எண்ணூரிலிருந்து ஜட்காவில் வரும்போது, பட்டப்பகலில், சவுக்குத் தோப்பு ஓரத்தில் இரண்டு பேர் வண்டியை மறித்து உன் கழுத்துக் கருகமணியை அறுத்துக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேனாம். சொல்கிறவன் யார்? ஜட்கா ஓட்டிய குமாரவேல். அவன் மரம் மாதிரி நிற்கவில்லை, உண்மைதான். திருவொற்றியூர் வரைக்கும் ஓடினான். ஆனால் கல்மண்டபத்தில் ஓடினவன் பேச்சுதான் எடுபடுகிறது.

போலீஸ் ஒரே வாரத்தில் அவர்களைப் பிடித்துக் கருகமணியையும் திருப்பிக் கொடுத்தது. அதோடு விட்டிருக்கலாம். கோர்ட்டில் அவர்கள் நம்மை மிரட்டிய ஆயுதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள் பார், அங்கே போனது என் மானம். பாக்குவெட்டி! வெயிலில் பளபளத்ததை நான் கத்தி என்று நினைத்தேன். யார்தான் நினைக்கமாட்டார்கள்? அன்று முதல் எனக்குப் பெயர் பாக்குவெட்டி பாய். நேற்றுக் கப்பலுக்குக் கோழி வாங்கப் போனேன். "இன்னா பாக்குவெட்டி பாய், கோழி கொத்தாது, தைரியமா புடி" என்கிறான் கடைக்காரன். பதினைந்து வருஷமாகத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் கோழியும் முட்டையும் காய்கறியும் கொடுக்கிறவன் நான். என்னிடம் இந்தப் பேச்சு.

இப்போது நல்ல சேதி. கமிஷனர் ஆபீசிலிருந்து எனக்கு ரிவால்வர் லைசென்ஸ் வந்துவிட்டது! எந்த ரகம் என்று ஆகஸ்டு 31-க்குள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். நம் தெருக்கோடி அருள்பிரகாசம் மவுண்ட் ரோட்டில் துப்பாக்கிக் கடையில்தானே இருக்கிறார், அவர் அமெரிக்கா கேட்டலாக்கைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டுதான். ஒன்று 357 மேக்னம். மற்றது போன வருஷம் புதிதாக வந்த 44 மேக்னம், உலகத்தில் இதற்கு மேல் பலமான கைத்துப்பாக்கி கிடையாதாம். மேக்னம் என்றால் தோட்டா நீளம், மருந்து அதிகம். ஆளைச் சுட்டால் ஆளைத் தாண்டிச் சுவரையும் துளைக்கும் என்கிறார்.

தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஹார்பருக்குப் போய்வர எது நல்லது? நாலு நாளாகத் தூக்கம் இல்லை. பகலில் 44 சரியென்று படுகிறது, சாப்பிட்டபின் 357 சரியென்று படுகிறது. நீயே ஒன்றைச் சொல். சொல்லிவிட்டு வா. அது என் இடுப்பில் ஏறிய பிறகு நீ என்னோடு எந்த ரோட்டிலும் தலைநிமிர்ந்து வரலாம்.

உன் பதிலுக்கு வாசலில் நிற்கும்
தமீம்


பழவேற்காடு
20-7-57

மச்சான் அவர்களுக்கு சாபிரா எழுதுவது. ஸலாம்.

உங்கள் ஐந்து கார்டும் வந்து சேர்ந்தன. நாலாவது முதலில் வந்தது. அதில் முதல் வரி, 'ஆளைச் சுட்டால் ஆளைத் தாண்டிச் சுவரையும் துளைக்கும்.' தபால்காரர் ஜெயக்கொடி அதை என் கையில் கொடுக்கவில்லை. திண்டாடிப்போய் வாப்பாவின் கையில் கொடுத்து, "உங்க மருமகன் யாரையோ தீர்த்துட்டாரு போல" என்றார். உம்மா அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்கத்துக்கு உட்காரப் பாய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மறுநாள் இரண்டாவது கார்டு வந்தது, அதில் பாக்குவெட்டி. ஒன்றாவது கார்டு நேற்றுத்தான் வந்தது. அதற்குள் ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

இப்போது படகுத்துறை டீக்கடையில் 44 கட்சி, 357 கட்சி என்று பெஞ்சு பிரிந்திருக்கிறது. வாப்பா 357 கட்சித் தலைவர். "நாற்பத்து நாலைவிட முந்நூற்று ஐம்பத்தேழு எட்டு மடங்கு பெரிசு, இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்கிறார்.

நான் வராத காரணம் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாது. தெரிந்திருந்தால் ஐந்து கார்டு ஆகியிருக்காது. எனக்கு உங்கள் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வரவேண்டும். அது வந்தால் வருவேன். இந்த ஐந்து கார்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், முகவரிப் பக்கம் உட்பட. இல்லை.

என் கழுத்துக் காயம் ஆறிவிட்டது. நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

இனி கவரில் எழுதுங்கள். நன்றாகப் பசை போட்டு ஒட்டுங்கள்.

சாபிரா


ராயபுரம்
27-7-57

சாபிரா,

கவரில்தான் எழுதுகிறேன், போதுமா? பசை போட்டு, மேலே மெழுகும் வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீ கேட்கும் ஒரு வார்த்தை என்னவென்று மூன்றாம் தரத்தில் பளிச்சென்று விளங்கிவிட்டது. முடிவு! என்னால் ஒரு முடிவுக்கு வரமுடியாது என்பதுதானே உன் குறை? நம் வீட்டு ஜன்னலுக்குப் பச்சையா நீலமா என்று இரண்டு வருஷம் யோசித்ததைத்தானே குத்திக் காட்டுகிறாய்? சரி. இந்த முறை ஆற அமர யோசித்து, சோதனை செய்து, முடிவெடுக்கிறேன். நீ பார்.

முதலில் உன் வாப்பாவிடம் சொல், அந்த நம்பர் எல்லாம் ஒரு அங்குலத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 357 என்றால் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 44 என்றால் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அருள்பிரகாசம் இரண்டு டப்பாவைத் திறந்து காட்டினார். 357 தோட்டா பட்டாணி, 44 தோட்டா கொண்டைக்கடலை. எனக்குக் கொண்டைக்கடலைமேல் ஆசை வந்துவிட்டது. அவரோ விடவில்லை.

"இன்னா பாய், தெனம் இடுப்புல சொருவிக்கினு போவப் போறியா, இல்ல வூட்ல மாட்டி வெச்சி சாம்பிராணி போடப் போறியா?" என்று கேட்டார்.

"தெனம்தான்" என்றேன்.

"அப்ப 357 வாங்கிக்க. 44 இருக்குதே, அத்த அமெரிக்காவுல கரடி மேல வுடுவானுங்கோ. ராயபுரத்துல கரடி எங்க கீது? ஒதைக்கிற ஒதைல மணிக்கட்டு கழண்டுக்கும். 357ல 38ன்னு சின்ன தோட்டா போட்டும் சுடலாம், ஒதை கம்மி, மதராஸ்லயே கெடைக்கும். 44க்குத் தோட்டா தீந்துட்சின்னா கப்பல் வர்ற வரிக்கும் வெறும் இரும்ப வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கணும்."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் திருடன் 357-ஐப் பார்த்துப் பயப்படாமல் போனால்? அவனுக்கு இதைவிடப் பெரியது ஒன்று இருப்பது தெரிந்திருந்தால்? இதைக் கேட்டு அருள்பிரகாசம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆகையால் எடையைச் சோதித்தேன். 44 ஏறக்குறைய மூன்று ராத்தல். 357-இல் சின்ன மாடல் இரண்டே கால் ராத்தல்தான். கறிக்கடையில் எடைக்கல் இரவல் வாங்கி, மூன்று ராத்தலை என் பச்சை பெல்ட்டின் பெரிய பையில் போட்டுக் கைலிமேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனேன். முதல் நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தேன். தெருவில் வாத நோயா என்று கேட்டார்கள். இரண்டாம் நாள் கப்பலில் ஒரு சின்னச் சங்கடம். கல் கடலில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. யாராவது வேறு ஏதாவது சொன்னால் நம்பாதே. கறிக்கடைக்காரர் கல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதுதான் பேஜாராக இருக்கிறது.

உன் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஸலாம். வாப்பாவைக் கட்சி மாறச் சொல்.

முடிவை நெருங்கிவிட்ட
தமீம்


பழவேற்காடு
2-8-57

மச்சான் அவர்களுக்கு,

'சின்னச் சங்கடம்' இங்கே உங்கள் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. மதராஸிலிருந்து கால்வாயில் வரும் படகுக்காரர்கள் எண்ணூர், அத்திப்பட்டு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் துறைக்கு வந்து சேரும்போது கதை நன்றாகப் பழுத்திருந்தது.

நீங்கள் கயிற்றேணியில் பாதி உயரம் ஏறியிருந்தீர்களாம். மூன்று ராத்தல் இரும்பும் பெல்ட்டும் கைலியும் சேர்ந்து கீழே இறங்க ஆரம்பித்ததாம். உங்கள் இரண்டு கையும் ஏணியில். கையை விட்டால் கடல், விடாவிட்டால் மானம். நீங்கள் ஏணியை விடவில்லையாம். மச்சான், உங்கள் ஆயுளில் ஒரு நொடியில் எடுத்த முடிவு அது ஒன்றுதான், அதுவும் சரியான முடிவு. மேலே வெள்ளைக்காரக் கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டாராம். கீழே படகில் கோழிக்கூடை கவிழ்ந்து, பிடிக்க வேண்டியவர்கள் எல்லாம் உங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு கோழியும் மிஞ்சவில்லையாம். பழைய ஜன்னல் திரையைக் கிழித்து நான் தைத்துக் கொடுத்த டவுசரைப் பற்றி ஊரே பேசுகிறது. தையல் நின்றதா? நின்றிருக்கும், நான் இரட்டைத் தையல் போட்டிருந்தேன்.

சிரித்தேன். பொய் சொல்லமாட்டேன், கிணற்றடியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மே மாதத்துக்குப் பிறகு இப்போதுதான்.

முடிவு அல்ல நான் கேட்ட வார்த்தை. ஆனால் நீங்கள் அதைப் பற்றித்தான் பேசுவேன் என்றால் நானும் பேசுகிறேன். போன ஞாயிறு வாப்பா ஏரிக்குப் போகும்போது என்னையும் படகில் கூட்டிப்போனார். வாத்து சுடுகிற அவர் துப்பாக்கியைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார். பிஸ்மி சொல்லிச் சுட்டேன். இரண்டு விழுந்தன. வாப்பா சிரிப்பை விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்து, உயிர் இருக்கும்போதே ஹலாலாக அறுக்க ஓடினார். என் தோள் நாலு நாளாகக் கன்றிப்போய் இருக்கிறது. அதிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டேன். துப்பாக்கி முதலில் சுடுகிறவரைத்தான் அடிக்கிறது, அப்புறம்தான் வாத்தை. அருள்பிரகாசம் அண்ணன் சொல்வது சரி. தினப்படிக்கு என்றால் இலேசானது. உதை தாங்காத ஆள் முதல் குண்டுக்கு அப்புறம் கண்ணை மூடிக்கொள்வார்.

இது துப்பாக்கிக்கு. எனக்கு? மே மாதத்திலிருந்து நீங்கள் என் முகத்தைப் பார்த்து ஒரு பேச்சுப் பேசவில்லை. சோறு போடு என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். கேட்டலாக்கை மட்டும் நேருக்கு நேர் பார்த்தீர்கள்.

சாபிரா


ராயபுரம்
9-8-57

சாபிரா பேகம் அவர்களுக்கு,

வாத்து சுட்டீர்களாம். ரொம்பச் சந்தோஷம். இரண்டு! ஒன்று போதாதா?

படகுக்காரர்கள் போகும்போது என் கதையைக் கொண்டுபோனார்கள், வரும்போது உன் கதையைக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று காலை ஹார்பர் கேட்டில் குமாரவேல் ஜட்காவை நிறுத்திவிட்டுக் கேட்கிறான், "இன்னா பாய், அண்ணி துப்பாக்கி புடிக்குதாமே! அப்ப இனிமே பாக்குவெட்டி உனுக்கு, துப்பாக்கி அதுக்கா?" சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். ஏற்கெனவே தெருவில் உன் பேச்சுதான். திருடன் கையைக் கடித்தவள் நீ, நின்று வேடிக்கை பார்த்தவன் நான். கோர்ட்டில் அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டியபோது மாஜிஸ்திரேட்டே உன்னைப் பாராட்டினார். என்னைப் பார்த்து, "நீங்கள் உட்காரலாம்" என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். 44. கரடிக்கு என்றாலும் சரி, கப்பலுக்கு என்றாலும் சரி. மணிக்கட்டு கழன்றாலும் சரி. நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன். இதில் மாற்றமில்லை.

தமீம்

பின்குறிப்பு: 357-இல் குழாய் நீளம் குறைந்ததும் ஒன்று இருக்கிறதாம், உட்கார்ந்தால் இடுப்பில் குத்தாதாம். நாளைக்கு ஆடி வெள்ளி, கடைவீதியில் கூட்டமாக இருக்கும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.


பழவேற்காடு
14-8-57

மச்சான்,

நாளைக்கு ஆடி வெள்ளியாம். நீங்கள் கடிதம் எழுதிய நாளே வெள்ளிக்கிழமைதான். கிழமை கூடத் தெரியாமல் இருக்கிறீர்கள்.

இதை ஒரே தடவை சொல்கிறேன். அன்றைக்கு நீங்கள் அவர்கள்மேல் பாய்ந்திருந்தால், அது பாக்குவெட்டியாக இல்லாமல் கத்தியாக இருந்திருந்தால், நான் இப்போது வெள்ளைத் துணி கட்டி, விதவையாக இத்தா இருந்துகொண்டிருப்பேன். நீங்கள் நின்றதற்காக நான் ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாவுக்கு நன்றி சொல்கிறேன். யார் உங்களை வீரனாக இருக்கச் சொன்னது? நானா? குமாரவேலின் வாய்க்காகவா நாம் குடும்பம் நடத்துகிறோம்?

என் கோபம் நீங்கள் நின்றதற்கு அல்ல. வீட்டுக்கு வந்த பிறகு என்னைத் தனியே விட்டுவிட்டு அந்தச் சவுக்குத் தோப்பிலேயே நின்றுகொண்டிருக்கிறீர்களே, அதற்கு.

44 வாங்குங்கள், 357 வாங்குங்கள், இரண்டையும் இரண்டு பக்கம் கட்டிக்கொள்ளுங்கள். சாயாமல் நடக்கலாம். நான் இனி இதைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன். உங்கள் லைசென்ஸுக்கு ஆகஸ்டு 31 கெடு. எனக்கும் அதே கெடு. அதற்குள் அந்த ஒரு வார்த்தை வரவில்லை என்றால் என் பெட்டியைப் படகில் ஏற்றிவிடுங்கள். தையல் மிஷினைத் துணி சுற்றி அனுப்புங்கள், உப்புக்காற்று பட்டால் துருப்பிடிக்கும்.

சாபிரா


ராயபுரம்
29-8-57

என் சாபிராவுக்கு,

பெட்டியை அனுப்பவில்லை. மிஷினையும் அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் நீ கேட்டால் அனுப்புகிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுத உட்காருவேன், 44 என்று வரும், கிழிப்பேன். திங்கட்கிழமை அருள்பிரகாசம் கடைக்குக் கூட்டிப்போனார். "பாய், கேட்டலாக் பாத்துகினே இருந்தா கெழவனாயிடுவே. ஒரு தபா கையில புடிச்சிப் பாரு, மெய்யாலுமே வேணுமான்னு தெரிஞ்சிடும்" என்று ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு பழைய ரிவால்வரை என் கையில் வைத்தார். தோட்டா இல்லை, ஆறு ஓட்டையையும் திறந்து காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

"நீட்டு. யாரு வர்றான்னு நெனச்சிக்கோ. குதிரைய இழு" என்றார்.

நீட்டினேன். அவ்வளவுதான் சாபிரா. சுவரில் தோட்டா விளம்பரக் காலண்டர் தொங்கியது, அது போய்விட்டது. சவுக்குத் தோப்பு வந்துவிட்டது. வெயில், ஜட்காக் குதிரை கனைத்தது, உன் சேலைத் தலைப்பு தரையில் கிடந்தது எல்லாம் வந்துவிட்டது. கை நடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்தேன், இரண்டும் நடுங்கின. விரல் மடங்கவே இல்லை. வெறும் துப்பாக்கி, எதிரே வெறும் சுவர், என் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அருள்பிரகாசம் துப்பாக்கியை மெதுவாக வாங்கி உள்ளே வைத்தார். சிரிக்கவில்லை. "நானு பர்மா சண்டையில இருந்தேன்ல. மொத நாளு குண்டு வுழுந்தப்போ இன்னா பண்ணேன் தெரியுமா? லாரிக்கு அடியில பூந்துகினு எங்கம்மாவ கூப்டேன். வூட்டுக்காரி ஆலிஸுக்குக்கூட சொன்னதில்ல" என்றார்.

அவர் அதைச் சொன்னதும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது. "பயந்துட்டேன் அருளு" என்றேன். "பாக்குவெட்டின்னு அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் பயந்திருப்பேன். காலு தரையில ஒட்டிக்கிச்சு. அவள இழுக்கறான், நான் பாத்துகினு நிக்கறேன்." நாலு மாதமாக மூலக்கொத்தளம் மயானத்தைக் கடக்கிறவன் மாதிரி வாயை மூடிக்கொண்டு நடந்தேன், கடைசியில் மவுண்ட் ரோட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். கூட்டம் இல்லாத நேரம், நல்லவேளை.

நீ கேட்ட வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன். பயந்தேன். நான் பயந்தேன் சாபிரா. உன் கழுத்தைக் கேட்காததும் அதனால்தான். காயத்தைப் பார்த்தால், 'அப்போது எங்கே நின்றீர்கள்' என்று நீ கேட்டுவிடுவாயோ என்று சுவரைப் பார்த்தேன். வலித்ததா? ரொம்ப வலித்ததா? இத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன், என்னை மன்னித்துக்கொள். இந்த வார்த்தை தப்பு என்றால் சொல், வேறு வார்த்தை தேடி எழுதுகிறேன்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டி, "என்ன பாய், 44-ஆ, 357-ஆ?" என்று கேட்டார். லைசென்ஸை மேஜையில் வைத்து, "ரெண்டும் வேணாம் சார், எனுக்குக் கை நடுங்குது" என்றேன். குமாரவேல் ஏதோ வண்டி கேசுக்காக அங்கேதான் உட்கார்ந்திருந்தான். கேட்டான். கேட்கட்டும் என்று இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.

ஒரு காரியம் மட்டும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். உன் பெயரில் ஒரு விண்ணப்பத் தாள் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். 357 என்று நானே எழுதியிருக்கிறேன். ஒரு மணி நேரம்கூட யோசிக்கவில்லை. சின்ன மாடல், இரண்டே கால் ராத்தல், உன் கைக்குச் சரியாக இருக்கும். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. பயம் என்பதே தெரியாதவள் நீ. திருடன் கையைக் கடித்தவள், வாத்து சுட்டவள். நம் வீட்டில் அது இருக்க வேண்டிய இடம் உன் கைதான். நான் பக்கத்தில் நடந்து வருகிறேன். யார் சிரித்தாலும் சரி.

தமீம்


பழவேற்காடு
1-9-57

என் மச்சானுக்கு,

அந்த வார்த்தைதான். வேறு தேட வேண்டாம்.

வலித்தது. ரொம்ப வலித்தது. பத்து நாள் தலையணையில் கழுத்தை வைக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. வாப்பா மட்டும், "எது வாங்கினார், எது வாங்கினார்?" என்று பின்னாலேயே சுற்றினார். ஒன்றும் வாங்கவில்லை என்றேன். டீக்கடையில் இரண்டு கட்சியும் கலைந்துவிட்டது, ஆனால் தோற்றது யார் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

விண்ணப்பத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. அதன் பின்பக்கம்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். பாருங்கள், அரசாங்கத் தாள் நல்ல கனமாக இருக்கிறது, மை ஊறவில்லை.

மச்சான், நான் அவன் கையைக் கடிக்கவில்லை. பயத்தில் எனக்குப் பல் கிட்டித்துப்போனது. என் வாயைப் பொத்த வந்தவன் கை நடுவில் மாட்டிக்கொண்டது. அவன் இழுக்கிறான், என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவன் அலறியது கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. அதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம் என்று எழுந்தேன், அதற்குள் எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் எப்படிச் சொல்வது? தெருவில் ஆலிஸ் அக்கா முதற்கொண்டு எல்லாரும் வீராங்கனை என்றார்கள். நீங்களும் அப்படியே நினைத்துவிட்டீர்கள். பயப்படாத பெண்ணிடம் போய், பயமாக இருக்கிறதா என்று யார் கேட்பார்கள்? வாத்தைக்கூட, பயம் போகுமா என்று பார்க்கத்தான் சுட்டேன். போகவில்லை. வாத்துதான் போயிற்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொல்லாதது. பெருநாள் முடிந்து ஆறாம் நாள் உங்கள்மேல் இருந்த கோபத்தை எல்லாம் மடித்து வைத்துவிட்டு நான் கிளம்பினேன். பொன்னேரி ஸ்டேஷன் வரை வந்தேன், ராயபுரத்துக்கு டிக்கெட்டும் வாங்கினேன். ரயில் வந்தது. எண்ணூர் தாண்டியதும் அந்தச் சவுக்குத் தோப்பு ஜன்னலிலேயே தெரியுமே என்று நினைப்பு வந்தது. இங்கே வரும்போது வாப்பா கூட இருந்தார், தனியாக ஏற முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பி, மச்சான்மேல் கோபம், போகமாட்டேன் என்று உம்மாவிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை பொன்னேரி ஸ்டேஷனுக்கு வாருங்கள். எனக்குத் தனியாக வரப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் பயமாகத்தான் இருக்கும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் பயந்துகொண்டே வீட்டுக்குப் போவோம்.

உங்கள் சாபிரா